பேச முடியாதவர்களின் மொழி

நடன சிகிச்சை என்றதும் மேடையும் அலங்காரமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் மரியன் சேஸும் மேடைக் கலைஞராகத்தான் தொடங்கினார். வாஷிங்டனில் அவர் நடத்திய வகுப்புக்கு, நடனக் கலைஞராகும் எண்ணமே இல்லாத சிலரும் மன ஆறுதல் தேடி வந்தார்கள். அதைக் கவனித்தவர் கற்பிக்கும் முறையையே மாற்றினார்.

1942ல் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். பேச்சு நின்றுபோன நோயாளிகள், போரில் மனம் சிதைந்த வீரர்கள் என யாரையும் அவர் ஒதுக்கவில்லை. ஆடச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. ஒருவர் மூலையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைந்தால், அவரது அசைவோடு தானும் இசைந்து அசைவார். நாமோ, வீட்டில் ஒடுங்கிக் கிடப்பவரிடம் "வாயைத் திறந்து சொல்" என்று அதட்டுகிறோம். அந்த இணக்கம் வந்த பிறகே மற்றவர்களோடு வட்டமாகச் சேர அழைப்பார்.

1966ல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரும் இவர்தான்.