எண்ணெயை விரட்டும் தண்ணீர்க் கவசம்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று சொல்வது நம் வழக்கம். ஒரு செம்புத் தண்ணீரில் நாலு சொட்டு நல்லெண்ணெயை விட்டால் அது மேலே மிதக்கிறது. கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். இதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் இருக்கிறது! இரண்டையும் வேகமாகக் கலக்கிவிட்டால், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாகச் சிதறிவிடும். தண்ணீர் பால்போல் கலங்கும். அந்தத் துளிகள் எளிதில் மேலே வருவதில்லை. பெட்ரோலியக் கிணறுகளில் எண்ணெயுடன் வெளிவரும் தண்ணீரில் இத்தகைய துளிகள் ஏராளம். கிணறு பழசாக ஆக, எண்ணெய் குறைந்து தண்ணீர் பெருகும்.

வாளி போதுமா?

2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் கரையில் கறுப்புக் கூழாகப் படிந்தது. மீனவர்களும் தொண்டர்களும் அதை வாளி வாளியாக அள்ளினார்கள். கூழை வாளியால் அள்ளலாம். தண்ணீருக்குள் சிதறிய துளியை எதனால் அள்ளுவது?

வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். மிக நுண்ணிய துவாரங்கள் உள்ள பிளாஸ்டிக் சவ்வின் வழியே செலுத்தினால் தண்ணீர் போய்விடும், எண்ணெய் நின்றுவிடும். ஆனால், நின்ற எண்ணெய் சும்மா இருப்பதில்லை. பிசின்போல் அப்பிக்கொண்டு துவாரங்களை அடைத்துவிடுகிறது. பிறகு தண்ணீரும் போகாது. மருந்து போட்டுக் கழுவ வேண்டும். அல்லது சவ்வையே மாற்ற வேண்டும். கட்டுப்படியாகுமா?

பலாப்பழத் தந்திரம்

பலாப்பழம் அறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். பழத்தின் பால் கையில் ஒட்டுவதில்லை. இதே தந்திரத்தை விஞ்ஞானிகள் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். எண்ணெய் ஒட்டாமலிருக்கத் தண்ணீரையே கவசமாக்கிவிட்டார்கள்!

அமெரிக்காவில் சிகாகோ அருகே உள்ள ஆர்கான் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தார் 2018-ல் வெளியிட்ட சோதனை இது. சவ்வின்மேல் உலோக ஆக்ஸைடை ஆவி முறையில், அணு அணுவாக அடுக்கிப் பூசினார்கள். பூச்சின் கனம் சுமார் 10 நானோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு! ஆகவே துவாரங்கள் அடைபடுவதில்லை.

டைட்டானியம், வெள்ளீயம் இவற்றின் ஆக்ஸைடுகள் கச்சா எண்ணெயை நன்றாகத் தடுத்தன. துத்தநாக, அலுமினிய ஆக்ஸைடுகள் அவ்வளவாகத் தடுக்கவில்லை. காரணம் என்ன? முதல் இரண்டும் தண்ணீரை இறுகப் பற்றிக்கொள்கின்றன. அந்தத் தண்ணீர்ப் படலத்தைத் தாண்டி எண்ணெயால் சவ்வைத் தொட முடிவதில்லை.

இயற்கைக்கு இது புதிதல்ல. மீனின் செதிலும் இப்படித்தான் தண்ணீரைப் பிடித்துவைத்து எண்ணெயை ஒட்டவிடாமல் செய்கிறது என்பதைச் சீன விஞ்ஞானிகள் 2009-ல் விளக்கினார்கள்.

குடிக்கலாமா?

கூடாது! தண்ணீரில் கரைந்துவிட்ட உப்பும் பென்சீன் போன்ற நஞ்சும் இத்தகைய சவ்வைக் கடந்துவிடும். அவற்றை நீக்க வேறு முறைகள் வேண்டும். கடல் முழுவதையும் வடிகட்டவும் முடியாது. அள்ளிச் சேர்த்த கலங்கல் நீருக்கும், ஆலைக் கழிவுநீருக்கும், எண்ணெய்க் கிணற்று நீருக்குமே இது உதவும். பூச்சு மலிவாக வேண்டும். அழுக்கு நீரில் நெடுநாள் உழைக்கவும் வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் தேறிய சவ்வுக்கு இவையே அடுத்த பரீட்சைகள்.

அதிலும் தேறிவிட்டால், எண்ணெய்த் துளியை ஆலைக்குள்ளேயே தடுத்து நிறுத்திவிடலாம். முகத்துவாரத்தில் வலை வீசுகிறவரின் பிழைப்பும் கெடாது.