செம்பருத்தியில் மாவுப்பூச்சியா? மருந்தடிக்கும் முன் சற்று யோசிப்போம்

சேலம், நாமக்கல் பகுதிகளில் செம்பருத்தி இல்லாத தெருவைக் காண்பது அரிது. பூவை எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கிறோம். இலையை அரைத்துப் பிள்ளைகளின் தலையை அலசுகிறோம். சிலர் இதழ்களைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும் செய்கிறோம். ஆனால் ஒருநாள் காலையில் குருத்தில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டால், உடனே கடைக்குப் போய் வயலுக்கு அடிக்கும் மருந்தை வாங்கி வந்து தெளித்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டிலும் அதைத்தான் செய்தோம். சில நாட்கள் செடி சுத்தமாகத் தெரிந்தது. அடுத்த மாதமே பூச்சி முன்பைவிட அதிகமாக வந்தது. அது ஏன் என்று புரிந்துகொண்டால், செம்பருத்தி வளர்ப்பில் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

நம் மண்ணுக்கு எது ஏற்றது?

குளிர் நாடுகளில் 'தாங்கும் செம்பருத்தி' என்றால் பனியைத் தாங்குவது என்று பொருள். அது குளிர்காலத்தில் தரைமட்டம் வரை காய்ந்து, வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். நமக்கு வேண்டியதோ சித்திரை வெயிலையும் போர்வெல் உப்பு நீரையும் தாங்கும் செடி. அதற்கு ஐந்து இதழ் நாட்டுச் சிவப்பே முதலிடம். நர்சரியில் கண்ணைக் கவரும் பெரிய கலப்பினப் பூக்கள் கூடுதல் கவனிப்பு கேட்பவை. அவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆடியிலோ ஐப்பசி மழையிலோ, பென்சில் பருமனில் ஒரு சாண் நீளக் குச்சியை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நிழலில் நடுங்கள். வேர் பிடித்த பிறகு, தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மொட்டும் உதிரும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், பெரும்பாலும் அது சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து கிடைக்காததன் அடையாளம். மட்கிய தொழு உரம் போட்டு, கிடைக்கும்போது மழைநீர் ஊற்றினால் தேறும். ஒளு செய்யும் தண்ணீரையும் வீணாக்காமல் செடிக்குத் திருப்பிவிடலாம்.

குச்சிக்கிழங்கு வயல் சொல்லும் பாடம்

2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரியையும், நம் பகுதியின் குச்சிக்கிழங்கையும் அது தாக்கியது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பி வாழும் நம் மாவட்டங்களுக்கு இது பெரிய அடி. செம்பருத்தியும் இந்தப் பூச்சிக்குப் பிடித்த செடிகளில் ஒன்று.

விவசாயிகள் மாறி மாறி மருந்தடித்தும் பலன் கிடைக்கவில்லை. பூச்சியின் உடலை மூடிய மெழுகு மருந்தைத் தடுத்தது. பூச்சியைத் தின்னும் உயிர்களோ மருந்தில் மடிந்தன. 2010இல் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டது. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி மிகச் சிறப்பாக வேலை செய்தது. எறும்பைவிடச் சிறிய அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். மருந்துக்கு அடங்காத பூச்சி இதற்கு அடங்கியது.

நம் வீட்டுச் செடியில் நாம் செய்த தவறும் இதுதான். மருந்து மெழுகுக்குள் இருந்த பூச்சியை விட்டுவிட்டு, காவலுக்கு வந்த குளவியையும் பொறிவண்டையும் கொன்றுவிட்டது. இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டின் புழு, பார்ப்பதற்கு மாவுப்பூச்சி போலவே வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, வேகமாக ஊர்ந்து போனால் அது பகையல்ல, நண்பன். அதை நசுக்கிவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, குளவிகளை விரட்டும். செடி சுவரையோ வேலியையோ தொடாமல் கிளைகளை வெட்டி, எறும்பு ஏறும் வழியை அடையுங்கள்.

அடுத்து, குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். சுருண்டு முடிச்சிட்ட குருத்துகளை வெட்டிவிடுங்கள். வெட்டியதைச் சாக்கடையிலோ பக்கத்து வயல் ஓரத்திலோ எறியாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நல்ல வெயிலில் சில நாள் போட்டுவிட்டு அப்புறப்படுத்துங்கள். நம் வீட்டுப் பூச்சி அடுத்தவரின் விளைச்சலைக் கெடுக்கக் கூடாதல்லவா?

அப்படியும் மிச்சமிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். முதல் நாள் இரண்டு இலைகளில் மட்டும் தெளித்து, கருகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம் போதும். மிக மோசமான செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம். வேர் நன்றாக இருந்தால் மீண்டும் துளிர்க்கும். புதிதாக வாங்கும் செடியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

பூச்சி ஒரே நாளில் மறையாது. சற்றுப் பொறுத்தால் குளவியும் பொறிவண்டும் திரும்பி வரும், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளின் தலைக்கும் வாய்க்கும் போகும் பூவில் விஷம் இல்லை என்ற நிம்மதிக்காக அந்தப் பொறுமையைக் கடைப்பிடிப்போம்.