கட்டுவதா, மாற்றுவதா? அடிக்கடி எரியும் மோட்டாருக்கு ஒரு கணக்கு

சித்திரை மாதத்தில் திருப்பத்தூர் வட்டாரத்து ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"அண்ணா, மறுபடியும் காயில் போச்சு. கட்டலாமா, புதுசே போட்டுடலாமா?"

"கட்டினா ஓடும்ணா. எத்தனை நாளைக்கு ஓடும்னு மட்டும் கேக்காதீங்க."

கேட்பவர் இரண்டு ஏக்கர் தக்காளியோ, ஐம்பது தென்னையோ வைத்திருக்கும் விவசாயி. பதில் சொல்பவர் மோட்டார் கட்டும் மெக்கானிக். வெயில் கொளுத்துகிறது; செடி வாடுகிறது; கையில் பணம் குறைவு. அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் "இந்தத் தடவை மட்டும் கட்டிப் பார்ப்போம்" என்பதுதான். இப்படியே நான்கு தடவை கட்டிய பிறகு திரும்பிப் பார்த்தால் ஒரு புது மோட்டாரின் விலை போயிருக்கும். மோட்டாரோ பழையதாகவே இருக்கும்.

அவசரப்பட்டுப் புது மோட்டார் வாங்கியவர்களிலும் சிலர் ஏமாந்திருக்கிறார்கள். ஆறாம் மாதமே அதுவும் எரிந்துபோகும். ஆகவே எது சிக்கனம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அவரவர் கிணற்றையும் கணக்கையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எரிவது மோட்டார், காரணம் எங்கே?

மோட்டார் தானாக எரிவதில்லை. சுருளில் அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்து சூடேறுவதால்தான் எரிகிறது. சுருள் தாங்கக்கூடிய சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் காப்புப் பூச்சின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது மின் பொறியாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. அந்தச் சூடு எதனால் வந்தது என்று தெரியாமல் கட்டினாலும் வீண், மாற்றினாலும் வீண்.

முதற் காரணம் மின்சாரம். அழுத்தம் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். மும்முனையில் ஒரு முனை போய்விட்டால் மீதி இரண்டு முனைகளில் ஓடும் மோட்டார் சில நிமிடங்களிலேயே புகைந்துவிடும். இரண்டு முனை வரும் நேரத்தில் கெப்பாசிட்டர் வைத்து ஓட்டும் பழக்கமும் மோட்டாரின் ஆயுளைக் குறைக்கும். ஊர் டிரான்ஸ்பார்மருக்கும் கேடு. ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே சரியாக இருக்கிறதா, முனை போனால் நிறுத்தும் கருவி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியை முறுக்கி வைப்பவர்கள், ஃபியூஸுக்குப் பதிலாக மோட்டாரையே எரிய விடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் நீர்மட்டம். கிணற்றின் மேல் வைக்கும் மோனோ பிளாக் பம்பு நடைமுறையில் 20 அடி ஆழத்துக்கு மேல் உறிஞ்சத் திணறும். மட்டம் இறங்கிய கிணற்றில் அதே பம்பை மேலேயே வைத்திருந்தால் காற்று இழுக்கும். தண்ணீர் இல்லாமல் சுற்றும். நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் அதைக் குளிரவைக்கிறது. போர் வற்றிய பிறகும் ஓடினால் புஷ் தேய்ந்து, சுருளும் எரியும். 150 அடியில் தண்ணீர் இருந்த காலத்தில் வாங்கிய பம்பு, மட்டம் 300 அடிக்கு இறங்கிய பின் பொருந்தாது. இங்கே தவறு மோட்டாரிடம் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. அதே அளவில் புதுசு வாங்கினால் அதே கதைதான் தொடரும்.

மூன்றாவது காரணம் தண்ணீரின் தன்மை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாலாற்றை ஒட்டிய பல கிணறுகளில் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் உப்பு ஏறியது ஊரறிந்த செய்தி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்து, மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு வழக்கில் மீண்டும் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு ஒருபுறமிருக்க, உப்புத் தண்ணீர் இரும்புக் குழாயையும் வார்ப்பிரும்பு இம்பெல்லரையும் அரித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கிணற்றில் மோட்டாரை எத்தனை தடவை கட்டினாலும் தண்ணீர் கூடாது, தேய்ந்தது பம்பு. மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, உப்பு மிகுதி என்றால் துருப்பிடிக்காத எஃகு பாகங்கள் உள்ள பம்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிரம் சோதனை

பம்பு இன்னும் உழைக்கிறதா என்பதை அறிய ஒரு டிரம்மும் கடிகாரமும் போதும். 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். 50 வினாடி ஆனால் வினாடிக்கு 4 லிட்டர். தண்ணீர் மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை, குழாய் உராய்வும் சேர்த்து 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர் என்று கொண்டால், 4-ஐ 30-ஆல் பெருக்கி 75-ஆல் வகுக்க வேண்டும். விடை 1.6 குதிரைத்திறன். மோட்டார் 5 எச்.பி. என்றால் மூன்றில் ஒரு பங்குகூடத் தண்ணீராக வரவில்லை.

நல்ல நிலையில் உள்ள, கிணற்றுக்குப் பொருந்திய பம்பு பாதியையாவது தண்ணீராகத் தரவேண்டும். அப்படியானால் அதே டிரம் 32 வினாடியில் நிரம்பும். கூடவே மெக்கானிக்கிடம் இடுக்கி மீட்டர் வைத்து ஆம்பியர் பார்க்கச் சொல்ல வேண்டும். மும்முனை 5 எச்.பி. மோட்டார் முழுப் பளுவில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் எடுக்கும். சரியான அளவு மோட்டாரின் பெயர்த் தகட்டிலேயே இருக்கும். ஆம்பியர் நிறைய, தண்ணீர் குறைவு என்றால் பம்பு தேய்ந்திருக்கலாம். ஆம்பியரும் குறைவு, தண்ணீரும் குறைவு என்றால் உறிஞ்சும் பக்கத்தையும், நீர்மட்டம் பம்புக்குப் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இலவச மின்சாரமும் தண்ணீர்க் கணக்கும்

தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. ஆகவே "புது மோட்டார் கரண்டை மிச்சப்படுத்தும்" என்ற விளம்பரம் விவசாயியின் பையில் காசு போடாது. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரம் அளவானது. அந்த நேரத்தில் எத்தனை பாத்தி பாயும் என்பதே அவருக்கு இலாப நட்டம். 50 வினாடி டிரம்முக்கும் 32 வினாடி டிரம்முக்கும் உள்ள வித்தியாசம், ஒரே நேரத்தில் இரண்டு பாத்தி பாய்வதற்கும் மூன்று பாத்தி பாய்வதற்கும் உள்ள வித்தியாசம். இது கிணற்றில் தண்ணீர் இருந்தால்தான். ஊற்றே குறைந்த கிணற்றில் வேகமாக இறைக்கும் பம்பு சீக்கிரம் வற்றவைக்குமே தவிர வேறு பயன் தராது.

இரண்டு கணக்கு

ஒரு நீர்மூழ்கி மோட்டார் இரண்டு ஆண்டில் நான்கு தடவை எரிந்தது என்று வைத்துக்கொண்டு, கணக்குக்காகச் சில தொகைகளைப் போட்டுப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் விலை மாறும். அவரவர் தொகையை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏற்றி இறக்கும் கூலி 3,000 ரூபாய், சுருள் கட்டவும் புஷ் மாற்றவும் 6,500 ரூபாய். ஒரு தடவைக்கு 9,500. நான்கு தடவைக்கு 38,000. ஆண்டுக்கு 19,000 ரூபாய். தண்ணீர் நின்ற நாட்களில் போன காய் இதில் சேரவில்லை.

புது செட்டும் இறக்கு கூலியும் 35,000, பழையதை எடைக்குப் போட்டு 3,000 வந்தால் நிகரம் 32,000. எட்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 4,000. நடுவில் வரும் பழுதுக்கு ஆண்டுக்கு 5,000 ஒதுக்கினாலும் மொத்தம் 9,000. ஆண்டுக்குப் பத்தாயிரம் மிச்சம். மாற்றுவதே இலாபம் என்று தோன்றும்.

ஆனால் அந்த 35,000 ரூபாயை மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கினால் ஆண்டு வட்டி மட்டும் 8,400 ரூபாய். மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் வங்கியிலும் கேட்டுப் பார்த்த பிறகே வெளிக் கடனை நினைக்க வேண்டும். பழைய பம்புசெட்டை மாற்ற வேளாண்மைப் பொறியியல் துறை சிறு, குறு விவசாயிகளுக்கு மானியம் அறிவிப்பதுண்டு. தொகையும் விதிமுறையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், வாங்கும் முன்பே அலுவலகத்தில் கேட்பது நல்லது. முதலில் வாங்கிவிட்டுப் பிறகு ரசீதுடன் போனால் பெரும்பாலும் பயனிராது.

இன்னொரு பக்கமும் உண்டு. எரிந்ததற்குக் காரணம் முனை போனதும் வற்றிய போரில் ஓடியதும்தான் என்று தெரிந்து, 6,000 ரூபாயில் நல்ல பேனல் போட்டால் போதும் என்றால், பழைய மோட்டாரே இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை கட்டுவதோடு நின்றுவிடலாம். அப்போது ஆண்டுச் செலவு 5,000-ஐ ஒட்டியே இருக்கும். மாற்றத் தேவையே இல்லை. ஒரே மோட்டாருக்கு இரண்டு விடை வருவது காரணத்தைப் பொறுத்தே. இதுவரை கட்டிய பணம் போனது போனதுதான். "இவ்வளவு செலவு பண்ணியாச்சே" என்பது மேற்கொண்டு செலவு செய்யக் காரணமாகாது.

வெளியூர் அனுபவம்

குஜராத்தில் 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் பேராசிரியர் எஸ்.எம். படேல் குழுவினர் பம்புசெட்டுகளைச் சோதித்தார்கள். பல இடங்களில் மோட்டாரைத் தொடாமலே, தண்ணீருக்குத் தடையாக இருந்த ஃபுட் வால்வையும் சிறிய குழாயையும் மாற்றியே மின்செலவை நன்றாகக் குறைத்துக் காட்டினார்கள். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரைச் சேர்ந்த மங்களவேடையில் வேறு வழி. அங்கே 2,209 பழைய பம்புசெட்டுகளை எடுத்துவிட்டு நட்சத்திர முத்திரை பெற்ற புதியவற்றைப் போட்டார்கள். இரண்டு இடத்திலும் முதலில் நடந்தது அளந்து பார்த்தல். அளந்த பிறகே ஓரிடத்தில் திருத்தம், மற்றோரிடத்தில் மாற்றம்.

கட்டுவதென்றால்

முறையாகக் கட்டிய மோட்டார் பழைய திறனில் பெரிதாகக் குறைவதில்லை. பழைய சுருளை எடுக்கப் பர்னர் வைத்து எரித்தால் உள்ளிருக்கும் தகடுகளின் காப்பு கெட்டு, மோட்டார் எப்போதும் சூடாகவே ஓடும். பழைய கம்பியின் கேஜ் அளவும் சுற்றின் எண்ணிக்கையும் மாறக் கூடாது. எடுத்த பழைய செம்பையும் போட்ட புதுச் செம்பையும் நிறுத்துப் பார்ப்பது விவசாயியின் உரிமை. எடை குறைந்தால் கம்பி மெலிந்திருக்கிறது என்று பொருள். வார்னிஷ் காய்ந்த பிறகு மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் இறக்கக் கூடாது. ஒவ்வொரு பழுதையும் தேதி, காரணம், தொகையோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முடிவு சுலபமாகும்.

மாற்றுவதென்றால்

குதிரைத்திறனைச் சொல்லி மோட்டார் கேட்பது தவறு. நீர்மட்டத்தின் ஆழம், கோடையில் அது எங்கே நிற்கிறது, ஊற்று எவ்வளவு, குழாயின் நீளம், இவற்றைச் சொல்லிக் கேட்க வேண்டும். நீர்மூழ்கி செட்டுக்கு ஐ.எஸ். 8034, மோனோ பிளாக்குக்கு ஐ.எஸ். 9079, திறந்த கிணற்று நீர்மூழ்கிக்கு ஐ.எஸ். 14220 என்ற இந்தியத் தர எண்ணைத் தகட்டில் பார்த்து வாங்க வேண்டும். எச்.பி.யைக் கூட்டுவதானால் முன்கூட்டியே மின் வாரியத்தில் அனுமதி பெற வேண்டும்.

சுருங்கச் சொன்னால், முதல் பழுது, காரணம் தெரிந்தது, டிரம் சீக்கிரம் நிரம்புகிறது என்றால் கட்டலாம். இரண்டு ஆண்டில் மூன்று தடவைக்கு மேல் எரிந்தது, காரணத்தைச் சரிசெய்தும் நிற்கவில்லை, டிரம்மும் மெதுவாக நிரம்புகிறது என்றால் மாற்றிவிடலாம். நீர்மட்டம் இறங்கிவிட்டதென்றால் பொருத்தமான பம்பு தேவை. அதே அளவில் கட்டுவதும் மாற்றுவதும் ஒன்றுதான்.

பழைய டிராக்டருக்கும், சந்தைக்குக் காய் ஏற்றிப்போகும் பழைய வண்டிக்கும் இதே கணக்குதான். நடுவழியில் நிற்கும் வண்டியால் போன சந்தை நாளையும் செலவில் சேர்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளைச் சித்திரையில் செய்யக் கூடாது. அப்போது மெக்கானிக்குக்கு நேரமில்லை, விவசாயிக்குப் பொறுமையில்லை. கோடைக்கு முன், தை மாதத்திலேயே ஒரு நாள் டிரம்மை வைத்துப் பார்த்துவிட்டால், காயில் போன அன்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. விடை நோட்டிலேயே இருக்கும்.