நமக்கும் உண்டு ஒரு கியோட்டோ!

ஜப்பானுக்குப் போய் வந்த சிநேகிதர் ஒருவர் கியோட்டோ நகரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கேட்பவருடைய காப்பி ஆறிப் போய்விடும். சனி, ஞாயிறு என்று இரண்டே நாளில் அவர் பார்த்த கோயில்கள் எத்தனை! நூறு கடைகளுக்கு மேல் நெருக்கியடிக்கும் நிஷிகி அங்காடியில் தின்ற பண்டங்கள் எத்தனை! வெந்நீரில் மிதக்கவிட்டுப் பரிமாறும் சோயாக் கட்டியை, "நம் இட்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி" என்று வர்ணித்தார்.

"794-ல் தலைநகரான ஊர், ஐயா! ஆயிரம் வருஷத்துக்கு மேல் அந்தப் பெருமையோடு இருந்தது. நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது?" என்று முடித்தார்.

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு செந்துறை ஸ்டேஷனில் போய் இறங்கினேன்.

முதல் விருந்து முந்திரி. அரியலூர் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் முந்திரித் தோப்புகளுக்குக் குறைவில்லை. பிரேஸிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம் இது என்றால் நம்பத் தோன்றுகிறதா? பழத்தைக் கடித்தால் சாறு பெருகுகிறது; கூடவே தொண்டையும் கரகரக்கிறது. உப்பைத் தொட்டுக்கொண்டு சமாளித்தோம். கொட்டையின் கதை வேறு. அதன் தோட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகிவிடும். அதனால் கொட்டை உடைக்கும் பெண்கள் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொள்வதுண்டு. பாயசத்தில் மிதக்கும் பருப்பைத் தேடி எடுக்கும்போது நாம் அந்த விரல்களை நினைப்பதில்லை!

இந்த வட்டாரத்து மண்ணும் லேசுப்பட்டதல்ல. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. செந்துறைக்கு அருகே உள்ள நின்னியூரின் பெயரையே புவியியல் அறிஞர்கள் அக்காலத்துப் பாறை அடுக்குக்குச் சூட்டியிருக்கிறார்கள். சிப்பியும் நத்தையும் கல்லாகிப் போன விந்தையை அரியலூரை அடுத்த வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்த்தோம். அன்றைய பொழுது போனதே தெரியவில்லை.

மறுநாள் காலை, உடையார்பாளையம் வழியாக ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் சேர்ந்தோம்.

"இதுவா தலைநகரம்?" என்றார் சிநேகிதர். அவர் மேல் குற்றமில்லை. சுற்றிலும் வயல், நடுவே ஒரு பெரிய கோயில், அவ்வளவுதான்! ஆனால் கங்கை வரை படை அனுப்பி, 1025-ல் கடல் கடந்து கடாரத்தையும் வென்ற ராஜேந்திர சோழன் நிறுவிய ஊர் இது. சுமார் 250 ஆண்டுகள் சோழ ராஜ்யம் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. பக்கத்து மாளிகைமேட்டைத் தோண்டியபோது அரண்மனையின் செங்கல் சுவர்களும் சீனத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன.

கோயில் விமானம் சுமார் 180 அடி உயரம். தஞ்சை விமானம் நேராக ஏறுகிறது. இது சற்றே உள்வாங்கி, வளைந்து ஏறுகிறது. வடக்கு வாசலருகே சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையாலேயே பூமாலை சுற்றிவிடும் சிற்பத்தின் முன்னால் சிநேகிதர் வாயடைத்து நின்றார். பிறகு, "இவ்வளவு பெரிய கோயிலுக்கு மதில் எங்கே, ஐயா?" என்று கேட்டார்.

"சாப்பிடப் போகிற இடத்தில் காட்டுகிறேன்" என்றேன்.

கும்பகோணம் சாலையில் சற்றுத் தூரத்தில் அணைக்கரை. அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கிறது கீழணை. சாப்பாட்டுக் கடையில் சிநேகிதருக்கு ஆற்று மீன் வறுவல். எனக்கு வற்றல் குழம்பு. சாப்பிட்ட பின் அணையைச் சுட்டிக் காட்டினேன்.

"நீங்கள் தேடிய மதில் அதோ!"

1836-ல் இந்த அணையைக் கட்டியபோது, கோயில் மதிலின் கருங்கற்களைப் பெயர்த்து எடுத்து வந்தார்கள். தடுக்கப் போன ஊராருக்குக் கிடைத்தது தண்டனை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் எழுப்பித் தருவதாகச் சொன்னார்கள்; கடைசியில் எழும்பியதோ அற்பமான ஒரு சுவர்.

சிநேகிதரின் முகம் வாடியது. "கியோட்டோவின் பொற்கோயில் 1950-ல் எரிந்து போயிற்று. 1955-க்குள் திரும்பக் கட்டிவிட்டார்கள். நாமோ இருந்ததை இடித்திருக்கிறோம்!" என்றார்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரு விஷயம். கடலூர், மயிலாடுதுறைப் பக்கத்து வயல்களுக்கு இந்த அணையிலிருந்துதான் தண்ணீர் பாய்கிறது. நாங்கள் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்த சோறுகூட அதில் விளைந்ததாக இருக்கலாம். இங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் நீர், 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகவும் வருகிறது. அதாவது, சிநேகிதர் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரிலும் ராஜேந்திரன் கோயில் மதிலுக்குப் பங்கு உண்டு!

அவர் வெகு நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மதில் போனதுதான். அணையைப் பிரித்துக் கல்லைத் திருப்பிக் கேட்க முடியாது. மிச்சமிருப்பதைக் காக்கலாம் அல்லவா? 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இக்கோயில் இடம் பெற்றது. ஆனாலும் அரை மணி நேரத்தில் படம் பிடித்துக்கொண்டு பறந்துவிடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. நேயர்களே, கியோட்டோவுக்கு ஒதுக்கும் அந்த இரண்டு நாளை இந்தப் பக்கத்துக்கும் ஒதுக்கிப் பாருங்கள். முந்திரிக் காலமானால் உப்பு எடுத்துப் போக மறக்காதீர்கள்!

திரும்பும் வழியில், கும்பகோணத்தில் டிகிரி காப்பி சாப்பிட்டோம். இந்த முறை சிநேகிதர் பேசவே இல்லை. காப்பி சுடச்சுட இருந்தது.