தஸ்கா போகும் பிள்ளைக்குக் காய்ச்சலா?

ரிங்லெட்டில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் பாட்டிமார் பனியைத்தான் திட்டுவார்கள். தஸ்காவில் சேர்த்த முதல் மாதங்களில் அடிக்கடி வரும் சளிக்குப் பெரும்பாலும் மற்ற பிள்ளைகளிடமிருந்து தொற்றும் கிருமிகளே காரணம்.

அதிகம் கவனிக்க வேண்டியது கை, கால், வாய்ப்புண் நோய். 1997இல் சரவாக்கில் இது பரவியபோது குழந்தைகள் இறந்தனர். பொதுவாக 7 முதல் 10 நாளில் தானாகவே குணமாகும். ஆனால் பிள்ளை எதுவும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டு உதறினாலோ, காய்ச்சல் 3 நாளைத் தாண்டினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அந்தக் கஷ்டம் நியாயமானதே. ஆனாலும் கொப்புளம் காயும்வரை பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். குணமான பின்னும் மலத்தில் கிருமி பல வாரம் இருக்கும். டயப்பர் மாற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் மட்டும் போதாது.