இரும்பு தேடும் பூஞ்சையும் நோய் காட்டும் கதிரும்

2021ஆம் ஆண்டில் கொரோனாவின் இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை நோயும் பரவியதை நாம் மறந்திருக்க இயலாது. அவ்வாண்டு மே திங்களில் தமிழக அரசு அதனை, மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மேல்தாடை, மூக்கு, கண், மூளை எனப் படரும் அந்நோயில் காலத்தாழ்வு உயிருக்கே கேடாகும். பல்வலி என்றும் பல்லாட்டம் என்றும் அது தலைகாட்டுவதுண்டு. எனவே, பல் மருத்துவக் கல்லூரி அமைந்த வேலப்பன்சாவடியில் வாழும் நமக்கு இது தொலைவுச் செய்தியன்று.

சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் சிதைவைக் காட்டும். சிதைத்த கிருமி எதுவென உறுதியாக உரைப்பதில்லை. சர்க்கரையைக் கொண்டு எடுக்கப்படும் பெட் படத்தில் புற்றும் ஒளிரும், தொற்றும் ஒளிரும். ஆகவே, திசுவை எடுத்து ஆராய வேண்டியுள்ளது. கிருமியே தன்னைக் காட்டிக்கொடுக்க வழியுண்டா?

உண்டு. இரும்பின்றி நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வளர்வதில்லை. நம் உடலோ இரும்பைப் புரதங்களில் பூட்டி வைக்கிறது. அதனைக் கவர நுண்ணுயிர்கள் சுரக்கும் பொருளே சிடரோஃபோர். கிரேக்கச் சொல்லின் பொருள் நோக்கி அதனை நாம் ‘இரும்பேந்தி’ எனலாம். இரும்பை ஒத்த கேலியத்தையும் அது ஏந்திச் செல்லும். கதிர்வீசும் கேலியம்-68ஐ அதில் இணைத்துச் செலுத்தினால், பூஞ்சை அதனை இரும்பெனக் கருதி உட்கொள்ளும். கருவி அவ்விடத்தைப் படமாக்கும். கேலியம்-68இன் அரை ஆயுள் 68 நிமிடங்களே.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் ஆய்வாளர்கள், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் இரும்பேந்தியைக் கொண்டு, எலிகளின் நுரையீரல் தொற்றை இவ்வாறு படம்பிடித்து 2010இல் வெளியிட்டனர். எனினும், இம்முறை அன்றாட மருத்துவத்திற்கு இன்னும் வந்திலது.

மண்வாழ் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தந்த டெஸ்ஃபெரியாக்சமின் என்னும் இரும்பேந்தியோ நெடுநாளாக மருந்தாகவே விளங்குகிறது. அடிக்கடி குருதி ஏற்றப்படும் தாலசீமியா நோயாளரின் உடலில் தேங்கும் இரும்பை அது அகற்றுகிறது. ஆயினும், 1980களில் சிறுநீரகக் கோளாற்றுக்காக டயாலிசிஸ் செய்துகொண்டோர்க்கு அம்மருந்தைக் கொடுத்தபோது, கருப்புப் பூஞ்சை நோய் தோன்றியதை மருத்துவர்கள் கண்டனர். பிறிதோர் உயிர் சுரந்த இரும்பேந்தியைத் தனதாக்கி இரும்பைப் பெறும் ஆற்றல் அப்பூஞ்சைக்கு இருந்தமையே காரணம்.

மருந்தாக மிகுதியாய்ச் சென்று பூஞ்சைக்கு உணவூட்டிய பொருளினமே, மிக நுண்ணிய அளவில் கதிரேந்திச் சென்று பூஞ்சையைக் காட்டிக்கொடுக்கவும் வல்லது. பகையின் பசியை அறிவதே பகையை அறியும் வழி என்பதை இவ்வாய்வு உணர்த்துகின்றது. வேதியியல், உயிரியல், மருத்துவம் மூன்றும் கூடும் இத்துறையில் நம் மாணவச் செல்வங்களும் கால்பதிக்க வேண்டும். அதனைத் தமிழில் எடுத்துரைக்கும் கடமை தமிழ்த்துறையினராகிய நமக்கும் உண்டு.