சிற்றலைக்கேற்ற சறுக்குப் பலகை

கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் அளித்த பேத்தமங்கலம் ஏரியை நிரப்பும் பாலாறு, கல்பாக்கத்திற்குத் தெற்கே வாயலூர் அருகில் வங்கக் கடலை அடைகின்றது. அவ்விடத்திற்கு வடக்கேயுள்ள மாமல்லபுரம், கோவளம் ஆகிய கரைகளில் சர்ஃபிங் எனப்படும் அலைச்சறுக்கு இந்நாளில் முறையாகப் பயிற்றப்படுகின்றது. கருநாடகக் கரையிலோ, முல்கியில் 2004ஆம் ஆண்டிலேயே மந்திரா சர்ஃப் கிளப் தோன்றிவிட்டது. மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து சுற்றுலாவாக இக்கரைகளுக்குச் செல்லும் மாணவர், வாடகைப் பலகையொன்றில் ஏறிப் பார்க்க விழைவது இயல்பே. கடலை அறியாத மாணவன் கையில் எத்தகைய பலகையைத் தருவது என்பது விளையாட்டுச் செய்தி மட்டுமன்று. தவறான பலகை அவன் மண்டையையோ அருகில் நிற்பவன் மண்டையையோ உடைக்கக் கூடும்.

முதலில் அலையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் அமைகின்றது. ஆகவே 120 சென்டிமீட்டர் அலையைக் காட்டிலும் 60 சென்டிமீட்டர் அலையில் நான்கில் ஒரு பங்கு ஆற்றலே உண்டு. இத்தகைய சிற்றலை, ஏறக்குறைய 75 முதல் 80 சென்டிமீட்டர் ஆழத்தை அடையும்பொழுது உடைகின்றது. அவ்விடத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். பயிலத் தொடங்குபவன் பலகைமேல் கவிழ்ந்து படுத்துக் கைகளால் துழாவிச் செல்லும் வேகம் இதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. எஞ்சிய வேகத்தை அலையின் சரிவே அளித்தாக வேண்டும், சரிவோ சிறியது. எனவே, சிறு உந்துதலுக்கும் உடனே நகரக்கூடிய பலகையே இங்கு வேண்டப்படுவது.

அவ்வாறு நகர்வதற்குப் பலகை நீரில் அமிழாது மேலே நிற்க வேண்டும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவனும் 6 கிலோகிராம் பலகையும் சேர்ந்து 66 கிலோகிராம். ஒரு லிட்டர் கடல்நீர் 1.025 கிலோகிராம் எடையுடையது. ஆதலின் 70 லிட்டர் கன அளவுள்ள பலகை ஏறத்தாழ 72 கிலோகிராமைத் தாங்கும். ஆளும் பலகையும் போக இன்னும் சிறிது மிச்சமிருக்கும். தேர்ந்தவர்கள் ஏறும் 30 லிட்டர்க் குறும்பலகை அசையாத நீரில் அவனைத் தாங்காது; வேகம் பிறந்த பின்னரே நீரின் மேலுந்தல் அதனைத் தூக்கி நிறுத்தும். வேகமே பெறாத புதியவனுக்கு அதனால் பயன் என்ன? கடைகளில் அழகாகத் தோன்றுவது பெரும்பாலும் அக்குறும்பலகையே என்பதுதான் தொல்லை.

ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பிலேயே செய்வித்துக் காட்டலாம். 260 சென்டிமீட்டர் நீளம், 57 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் தடிப்பு எனக் கொண்டு பெருக்கினால் ஏறத்தாழ 118 லிட்டர் வரும். இரு முனைகளும் விளிம்புகளும் மெலிந்து செல்வதால், இதில் ஐந்தில் மூன்று பங்கே மெய்யான கன அளவு எனக் கொள்ளலாம். அதாவது 70 லிட்டரையொட்டி.

அகலத்தின் பயன் இன்னும் வியப்பானது. மிதக்கும் பொருள் பக்கவாட்டில் புரளாமல் எதிர்க்கும் திறன், நீளம் மாறாதபொழுது, அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. 48 சென்டிமீட்டர் அகலத்தை 57 ஆக்கினால் அகலம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூடுகின்றது. புரளா உறுதியோ சுமார் 1.7 மடங்காகின்றது. புதியவன் முழங்காலை ஊன்றி எழும் அந்த ஒரு நொடியில் இவ்வுறுதியே அவனைக் காக்கின்றது. முன்முனையும் பின்முனையும் கூராக இராது அகன்றிருத்தல் நலம்.

பலகையைப் பக்கத்திலிருந்து நோக்கினால் இரு முனைகளும் சற்று மேல்நோக்கி வளைந்திருப்பது புலனாகும். இதனைப் பயிற்சியாளர் ‘ராக்கர்’ என்பர். நெடுக்கு வளைவு என்று யான் வழங்குகின்றேன், இதனினும் நல்ல சொல் கிடைக்குமாயின் மகிழ்வேன். வளைவு மிகுந்தால் பலகை நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும், வேகம் குன்றும். அறவே இல்லையெனில் முன்முனை நீருக்குள் குத்தி ஆளைக் கவிழ்க்கும். சிற்றலையின் சரிவு மென்மையானதாகையால், நடுப்பகுதி ஏறக்குறைய தட்டையாகவும் முன்முனை மட்டும் சிறிது உயர்ந்தும் இருந்தால் போதும்.

நம் மீனவரின் கட்டுமரத்திலும் இவ்வமைப்பு உண்டு. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் பிணைத்து, முன்புறத்தை மேல்நோக்கி அமைத்தனர். ஏறிய நீர் இடைவெளிகளின் வழியே வடிந்துவிடும். மூழ்கடிக்க உட்குழிவு இல்லை. சென்னையில் துறைமுகம் அமையுமுன், அலை உடையும் இடத்தைக் கடந்து நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டு சென்றவை இவையே. ஆங்கிலம் இச்சொல்லைக் கடன்பெற்று இன்று இரட்டை உடற்படகுக்கு வழங்குவது வேறு கதை. கோவளத்தில் சர்ஃப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவர் குலத்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பயிலும் பலகையின் உள்ளீடு பெரும்பாலும் தெர்மகோல் இனத்து நுரைப்பொருள். மேற்புறம் மெத்தென்ற நுரைத்தாள். அடிப்புறம் வழுக்கும் பிளாஸ்டிக் தகடு. கண்ணாடியிழைப் பலகையின் கடின விளிம்பு தலையில் பட்டால் விளையும் காயத்தை இம்மென்மை பெரிதும் குறைக்கும். ஆயினும் நுரையலை உந்திவரும் 6 கிலோகிராம் பலகை எவ்வகையினதாயினும் இடித்தால் வலிக்கவே செய்யும். கரைக்கும் தனக்கும் இடையே பலகையை நிறுத்தி, கடலை நோக்கி நின்று காத்திருக்க மாணவனைப் பழக்குதல் வேண்டும். திசை காக்கும் அடித்துடுப்பை 1935ஆம் ஆண்டில் முதன்முதல் பொருத்தியவர் அமெரிக்கரான டாம் பிளேக். பயில்வோர் பலகையில் இத்துடுப்பு வளையும் இரப்பராலோ மெல்லிய பிளாஸ்டிக்காலோ அமைதல் வேண்டும்.

கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு ஏறத்தாழப் பலகையின் நீளமே இருக்கலாம். அது அறுந்தால் பலகை கரைக்கும் ஆள் கடலுக்குமாகப் பிரிய நேரிடும். ஆதலின் நீந்தத் தெரியாதவனை இடுப்பளவு நீருக்கு அப்பால் விடலாகாது. 30 கிலோகிராம் எடையுள்ள சிறுவனுக்கு மேற்கூறிய பெரும்பலகை ஏற்றதன்று. அவனால் அதைத் தூக்கவும் திருப்பவும் இயலாது. காற்று அதனைப் பறித்துச் செல்லும். 2 மீட்டர் நீளமுள்ளது அவனுக்குப் போதும். வாடகைக்கு எடுக்குமுன் மேல்தோலில் விரிசல் உண்டா எனத் தடவிப் பார்த்து, பலகையைச் சாய்த்துக் குலுக்குக. உள்ளே நீர் அசையும் ஒலி கேட்டால், வேறு பலகை கேட்டு வாங்குக.